வடமாநிலத் தொழிலாளர்களோடு நேரில் பழகியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் கேள்விப்பட்டதை வைத்துத்தான். பழகிப் பார்த்தவர்கள் எழுதுங்கள். கருத்து வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

திருப்பூரிலிருந்து

எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். ஊர் அவர்களுக்கு வைத்திருப்பது ஒரே பெயர், வடக்கன். எல்லாரும் இந்திக்காரர்கள் என்பது என் அப்பாவின் முடிவு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவராகத் தெருவில் நின்றவர் அவர். இந்தி காதில் விழுந்தாலே முகம் இறுகிவிடும்.

செக்கிங்கில் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். வட்டமும் வளைவுமாக, நாங்கள் பார்த்தே இராத எழுத்து. அப்பா எட்டிப் பார்த்து, "என்னப்பா இது?" என்றார். "எங்க எழுத்து சார், சந்தாலி" என்றான்.

அப்புறம் அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தால் பழங்குடிகளின் மொழியான சந்தாலியை முன்பெல்லாம் வங்காளம், ஒடியா, தேவநாகரி, ரோமன் என்று இடத்துக்கு ஓர் எழுத்தில் எழுதினார்களாம். அதே மயூர்பஞ்சில் பிறந்த ரகுநாத் முர்மு 1925இல் ஓல் சிக்கி எழுத்தை உருவாக்கினார். மொத்தம் 30 எழுத்து. அரசியல் சட்டம் அங்கீகரிக்கும் மொழிகளின் பட்டியலான எட்டாம் அட்டவணையில் சந்தாலிக்கு இடம் கிடைத்தது 2003 திருத்தத்தில்தான். பையன் இதையெல்லாம் ஒப்பிக்கவில்லை, சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினான். "இந்தி எனக்கு இங்க வந்துதான் சார் சரியா வந்துச்சு. ரூம்ல எல்லாரும் அதுலதான பேசுறாங்க" என்றும் சொன்னான்.

அப்பாவை அந்தக் கடைசி வாக்கியம்தான் அசைத்தது. மறுநாளே சம்பள நோட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'வீட்டு மொழி' என்று ஒரு கட்டம் போடச் சொன்னார். போஜ்புரி, மைதிலி, ஒடியா, ஹோ என்று நிரம்பியது. இப்போது புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அப்பா கேட்கும் முதல் கேள்வி அதுதான். தாய்மொழிக்காக நின்ற மனிதருக்கு இன்னொருவரின் தாய்மொழி மேல் இவ்வளவு மரியாதை வந்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சென்னையிலிருந்து

எங்கள் மாடி போர்ஷனுக்கு ஒரு பீகார் குடும்பம் வந்தது. கணவர் டைல்ஸ் மேஸ்திரி. சுத்தம் இருக்காது என்று அம்மா முதலிலேயே மறுத்தார், அரை மனதோடுதான் சாவியைக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்து, சூரியனைக் கும்பிடும் பீகார்ப் பண்டிகையான சட் பூஜை வந்தது. பிரசாதத்துக்கான கோதுமையை அந்தப் பெண் கழுவி மொட்டை மாடியில் காயவைத்துவிட்டு, காக்கை வாய் வைத்துவிடக் கூடாது என்று வெயிலிலேயே காவல் உட்கார்ந்திருந்தார். அம்மா பார்த்துவிட்டு வந்து, "நான்கூட இவ்வளவு ஆசாரம் பார்க்க மாட்டேன்டி" என்றார். அதற்கு மேல் 36 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத விரதம்.

மாலையில் நாங்களும் கடற்கரைக்குப் போனோம். மூங்கில் முறத்தில் தேங்காய், வாழைப்பழம், வேரோடு மஞ்சள் செடி, கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்த டேகுவா. பக்கத்தில் கரும்பு. அஸ்தமன சூரியனுக்குத்தான் முதல் அர்க்கியம், மறுநாள் விடியலில் உதய சூரியனுக்கு. நம் கடல் கிழக்கே இருப்பதால், மாலையில் தண்ணீரில் நின்றபடி ஊர்ப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். "நம்ம பொங்கல் சாமான்தான் எல்லாம். ஆனா நாம வர்றவரைத்தான் கும்பிடுறோம், இவங்க போறவருக்கும் மரியாதை பண்றாங்க" என்றார் அம்மா.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. அந்தப் பெண்ணின் தாய் ஊரிலிருந்து அழுதுகொண்டே பேசினார். அம்மா போனை வாங்கி, "நான் இருக்கேம்மா, உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தமிழிலேயே சொன்னார். மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

மும்பை தாராவியிலிருந்து

தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தவர். 1960களின் கடைசியில் 'லுங்கியை விரட்டு' என்று இந்த நகரத்தில் கோஷம் போட்டார்கள். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லாருக்கும் மதராசி என்று ஒரே பெயர். பதற்றமான இரவுகளில், தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பர்வாடாவின் குஜராத்திக் குடும்பம் ஒன்று பாட்டியையும் பிள்ளைகளையும் தங்கள் வீட்டில் படுக்கவைத்துக்கொண்டது. எங்கள் வீட்டுப் பொங்கல் பானை இன்றுவரை அவர்கள் சூளையில் வெந்ததுதான்.

ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் 'வடக்கன்' என்று இளக்காரமாகப் பேசினால் எனக்குத் தாங்காது. பாளையங்கோட்டையில் சித்தப்பா வீடு கட்டுகிறார், ஜார்க்கண்ட் ஆட்கள் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். பாட்டி கதையை அவரிடம் முழுதாகச் சொன்னேன். எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்து, கழிப்பறையும் கட்டிக் கொடுத்துவிட்டார்.