பாட்டுக் குழுவை எப்படி வரைவது?

தூரிகை:
சென்னையில் ஒரு சுவரில் 4 நிமிட அனிமேஷன் திரையிடப் போகிறேன். நம்ம ஊர் கொயர் (சேர்ந்து பாடும் குழு), ஆர்கெஸ்ட்ராதான் கரு. வீடியோ பார்த்து வரைந்தால் வாய் மட்டும் அசைகிறது, உயிர் இல்லை. யாரை நேரில் பார்க்கலாம்?

ஆல்ட்டோ அக்கா:
1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர், இந்த ரெண்டு குழுவையும் போய்ப் பாருங்க தம்பி. கச்சேரியை விட ஒத்திகை முக்கியம். நான் 12 வருஷமா சர்ச் கொயர்ல ஆல்ட்டோ, அதாவது பெண்கள்ல கீழ்க்குரல் பாடுறவ. நீண்ட சுரத்துல எல்லாரும் ஒண்ணா மூச்சு வாங்க மாட்டோம். பக்கத்துல நிக்கிறவங்க பாடும்போது நான் வாங்கிக்குவேன், நான் பாடும்போது அவங்க. ஓசை அறுபடவே அறுபடாது. அதை வரைங்க!

வில்லாளி:
வயலின் வரிசையில் எல்லா வில்லும் ஒரே திசையில் ஏறி இறங்கும். அதையும் கவனியுங்கள்.

தூரிகை:
அக்கா, ஒரே கோடு, அதில் புள்ளிகள் அணைந்து அணைந்து எரிகின்றன. இப்போதே வரையத் தொடங்கிவிட்டேன்.