விலை குறைவான ஆன்லைன் பேக்கப் எது? கொஞ்சம் அவசரம்

இரவுப்பறவை: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் நேற்றிலிருந்து டக் டக் என்று சத்தம் போடுகிறது. போட்டோக்கள் போய்விடக் கூடாது. மாதாமாதம் அதிகம் கேட்காத ஆன்லைன் பேக்கப் ஒன்று சொல்லுங்கள், பெயர் மட்டும் போதும்.

திண்ணை: எவ்வளவு டேட்டா? விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? அப்லோடு வேகம் என்ன? இதெல்லாம் தெரியாமல் பெயர் மட்டும் எப்படிச் சொல்வது?

மூன்றாம்கண்: பேக்பிளேஸ் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டணம், அளவுக்கு வரம்பு இல்லை, யுஎஸ்பியில் செருகிய டிஸ்க்கும் சேர்ந்துவிடும்.

பிட்டும்பைட்டும்: அவர் லினக்ஸ் என்றால் அது ஓடாதே. ரெஸ்டிக் என்ற கமாண்ட் லைன் (கட்டளை தட்டி ஓட்டும்) பேக்கப் புரோகிராமைப் போட்டு, பேக்பிளேஸின் பி2 ஸ்டோரேஜில் ஏற்றலாம், வைத்திருக்கும் அளவுக்குத்தான் காசு. என்க்ரிப்ஷன் சாவியும் நம்மிடமே இருக்கும்.

தட்டச்சன்: கூகுள் டிரைவில் 15 ஜிபி சும்மாவே தருகிறார்கள், எதற்குக் காசு?

மூத்தகுடி: இந்தக் கேள்வி எத்தனையாவது முறை வருகிறதோ, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் இங்கே யாருக்கும் கிடையாது. தம்பி தட்டச்சன், டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் சிங்க், பேக்கப் இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் காலி. கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வேர் வந்தால் பூட்டுப்போட்ட கோப்பைத்தான் மேலே ஏற்றி வைக்கும்.

தட்டச்சன்: பழைய வெர்ஷனை எடுக்கலாமே அண்ணே.

மூத்தகுடி: ஆயிரம் கோப்பை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிரு, வாழ்த்துகள்.

தட்டச்சன்: மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவ் மொத்தத்தையும் 30 நாளுக்குள் எந்தத் தேதிக்கும் திருப்பலாம். தேடிப் பார்த்தால் கிடைக்கும் அண்ணே.

இரவுப்பறவை: விண்டோஸ்தான். 800 ஜிபி இருக்கும், அதில் போட்டோ கால்வாசி. அப்லோடு 5 மெகாபிட் என்று காட்டுகிறது.

திண்ணை: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! 800 ஜிபியை அந்த வேகத்தில் இடைவிடாமல் ஏற்றினாலும் 15 நாள் பிடிக்கும். சத்தம் போடும் டிஸ்க் அதுவரை உயிரோடு இருக்குமா? இன்றைக்கே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, போட்டோவை மட்டும் முதலில் காப்பி எடுங்கள், மீதி அதற்கப்புறம். டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க், கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டீஃபிராக் எதையும் ஓட்டிவிடாதீர்கள், அதுவே கதையை முடித்துவிடும். ஆன்லைன் பேக்கப்பைப் புது டிஸ்க் மாட்டியபிறகு பார்க்கலாம்.

மூன்றாம்கண்: சரிதான். அப்புறமாக பேக்பிளேஸ்.

பிட்டும்பைட்டும்: வரம்பில்லை என்பதை நம்பி எவ்வளவு நாள்? கிராஷ்பிளானும் அப்படித்தான் விற்றார்கள், 2017-ல் வீட்டுக்கான சேவையையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

மூன்றாம்கண்: மூடும்போது வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். கமாண்ட் லைனைப் பார்த்தாலே ஓடுகிறவர்களுக்கு ரெஸ்டிக் சொல்லி, அவர்கள் சாவியையும் தொலைத்தால் யார் திறந்து தருவது?

பிட்டும்பைட்டும்: பேப்பரில் எழுதி வைக்கக்கூடவா தெரியாது?

மூத்தகுடி: பேப்பரில்! பேஷ்.

இரவுப்பறவை: டிஸ்க் வாங்கியாச்சு, போட்டோ காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. நன்றி திண்ணை.

திண்ணை: நல்லது. முடிந்ததும் நாலைந்து போட்டோவைத் திறந்து பாருங்கள், பெயர் மட்டும் இருந்து உள்ளே காலியாக இருக்கலாம்.

மூன்றாம்கண்: கடைசியில் எந்த சர்வீஸ் எடுக்கப்போகிறீர்கள்?

மூன்றாம்கண்: இரவுப்பறவை, இருக்கிறீர்களா?