அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க 'மூன்று நாள்' விதி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெய்தல்:
அங்கே கடையில் துப்பாக்கி வாங்கினால் எஃப்.பி.ஐ. பின்புலம் பார்க்குமாமே. அப்புறம் எப்படி 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கடையிலேயே வாங்கினான்? சோதனை எங்கே கோட்டை விட்டது?

தராசு:
வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் அந்த விவரத்தை எஃப்.பி.ஐ.யின் 'நிக்ஸ்' அமைப்புக்கு அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வரும்: கொடுக்கலாம், கூடாது, பொறுங்கள். சிக்கல் அந்தப் 'பொறுங்கள்'-ல்தான். மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் விற்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்காது. விற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை, கடைக்காரர் இஷ்டம். சார்ல்ஸ்டன் ஆளுக்கு வந்ததும் 'பொறுங்கள்'தான். போதைப்பொருள் வழக்கில் அவனைக் கைது செய்தது எந்தக் காவல் துறை என்பது பதிவில் தப்பாக இருந்தது. சரியான இடத்திலிருந்து அறிக்கை வந்து சேர்வதற்குள் கெடு முடிந்து, துப்பாக்கி கைமாறிவிட்டது.

சல்லடை:
கெடுவை மட்டும் குறை சொல்ல முடியாது. பதிவே போய்ச் சேராவிட்டால் நிமிடத்தில் 'கொடுக்கலாம்' வந்துவிடும். 2017-ல் டெக்சஸின் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் பலரைச் சுட்டுக் கொன்றவன் குடும்ப வன்முறைக்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். விமானப்படை அதை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவே இல்லை. இன்னொன்று, உரிமம் இல்லாத தனிநபர் தன் மாநிலத்துக்காரருக்கு விற்றால் கூட்டாட்சிச் சட்டப்படி சோதனையே வேண்டாம். சில மாநிலங்கள்தான் சொந்தச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன.

நெய்தல்:
மூன்றைப் பத்து நாளாக்கிவிட்டால் தீர்ந்ததே! ஏன் செய்யவில்லை?

தராசு:
மேலவையான செனட்டில், விவாதத்தை இழுத்து மசோதாவை முடக்கும் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 வாக்கு வேண்டும். 2013-ல் தனியார் விற்பனைக்குச் சோதனையை விரிவாக்கும் திருத்தத்துக்கே 54தான் கிடைத்தது. கெடுவைப் பத்து வேலை நாளாக்கும் மசோதா 2021-ல் கீழவையில் நிறைவேறியது, செனட்டில் தூங்கியது. டெக்சஸின் யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2022 ஜூனில் வந்த சட்டம் பத்து வேலை நாள் வரை தருகிறது. ஆனால் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும், அதுவும் சிறார் பதிவில் துருவ வேண்டியது ஏதாவது இருந்தால்தான். எதிர்ப்பவர்கள் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன்: கெடு இல்லாவிட்டால் அரசு இழுத்தடித்தே உரிமையை மறுத்துவிடலாம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் இருக்கும் நாட்டில் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

நெய்தல்:
கெடு தாண்டி விற்றபின், வாங்கியவருக்குத் தகுதியில்லை என்று தெரிந்தால்?

சல்லடை:
எஃப்.பி.ஐ. தகவலை ஏ.டி.எஃப். என்ற, துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் கூட்டாட்சி அமைப்புக்கு அனுப்பும். அவர்கள் ஆளைத் தேடிப்பிடித்துத் துப்பாக்கியை மீட்க வேண்டும். கடையில் கொடுக்காமல் நிறுத்துவதைவிட இது எவ்வளவு ஆபத்தான வேலை என்று பாருங்கள்.