லண்டன்–பாரிஸ்: எக்செல்லில் தூரமும் பறக்கும் நேரமும் இடிக்குது, எங்கே பிழை?

வழிப்போக்கன்:
ஹேவர்சைன் சூத்திரத்தில் (உருண்டை பூமியில் இரண்டு இடங்களுக்கு நடுவே தூரம் கணக்கிடுவது) தூரம் 335 கி.மீ. வருது. மேப்பில் நேர்கோட்டில் அளந்தால் 344. நான் கொடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை: லண்டன் 51.5074, 0.1278, பாரிஸ் 48.8566, 2.3522. ரேடியனுக்கு மாற்றியாச்சு.

அடுத்து நேரம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 9:30க்குக் கிளம்பி, பாரிஸ் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் 11:50க்கு இறங்குது. கழித்தால் 2:20. திரும்பும்போது 18:40க்குக் கிளம்பி 19:00க்கு இறங்குது, வெறும் 20 நிமிஷம். எதை நம்புறது?

தீர்க்கரேகை:
மைனஸ் விட்டுப்போச்சு. லண்டன் நகரம் கிரீன்விச் கோட்டுக்கு (0° தீர்க்கரேகை) மேற்கே இருக்கு, அதனால் -0.1278. மாற்றினால் 344 வந்துடும். லண்டனில் 9 கி.மீ. மட்டும் குறைவதால் மறைஞ்சு நிற்குது.

விமானத்துக்கு நகர மையம் வேண்டாம், நிலையங்களையே போடுங்க. ஹீத்ரோ 51.4700, -0.4543, சார்ல்ஸ் து கோல் 49.0097, 2.5479. விடை 347. ஹீத்ரோ நகருக்கு மேற்கே, பாரிஸ் நிலையம் நகருக்கு வடகிழக்கே. கிழக்கு-மேற்கில் கூடியதை வடக்கு-தெற்கில் குறைந்தது சரிக்கட்டிடுது.

ரன்வே27:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் எப்போதும் 1 மணி முன்னால். போகும்போது ஒரு மணியைக் கழிக்கணும், வரும்போது கூட்டணும். இரண்டும் 1:20தான்.

எக்செல்லில் ஒரு நாள் என்பது 1. அதனால் ஒரு மணிக்கு 1/24 என்று எழுதணும். வெறும் 1 கழித்தால் ஒரு நாளே போய், செல் முழுக்க #### நிற்கும்.

வழிப்போக்கன்:
ரெண்டும் சரியாச்சு, நன்றி. ஆனால் 347ஐ விமான வேகமான மணிக்கு 850 கி.மீ.யால் வகுத்தால் 25 நிமிஷம்தானே? மீதி 55 எங்கே போகுது?

ரன்வே27:
1:20 என்பது கேட்டிலிருந்து கேட் வரை. ஹீத்ரோவில் பின்னால் தள்ளி, ஓடுபாதை வரிசையில் நின்று கிளம்பவே 15–20 நிமிஷம் ஆகலாம். பாரிஸில் இறங்கியபின் தரையில் உருண்டு கேட்டுக்குப் போக 10 நிமிஷம். காற்றில் இருப்பது ஏறக்குறைய 45–50 நிமிஷம்.

அதிலும் 850 கிடைக்காது. 10,000 அடிக்குக் கீழே வழக்கமான வரம்பு 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ. இவ்வளவு குட்டி தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிடும். நேர்கோட்டிலும் பறக்காது, ஓடுபாதை எந்தத் திசையோ அதற்கேற்பச் சுற்றணும். லண்டன் திரும்பும்போது மேற்குக் காற்று எதிரே வரும், நெரிசல் நேரத்தில் லண்டனுக்குத் தென்கிழக்கே பிகின் ஹில் பக்கம் வட்டமடிக்கவும் விடுவாங்க. விமானக் கம்பெனிகள் இதுக்கெல்லாம் சேர்த்தே அட்டவணை போடுது.

தீர்க்கரேகை:
மற்ற ஊர்களுக்குத் தோராயம் வேணும்னா: தூரம் ÷ 800, அதோடு 40 நிமிஷம். ஹீத்ரோ–பாரிஸ் மாதிரி நெரிசல் தடத்துக்கு 50 போடுங்க. ஹீத்ரோ–ஏதென்ஸ் சுமார் 2,400 கி.மீ.; 3 மணி 40 நிமிஷம் வரும், அட்டவணைக்கு ரொம்பக் கிட்ட.

நேர வித்தியாசத்தை மட்டும் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிடாதீங்க, ஊருக்கு ஊர் தனிச் செல்லில் வைங்க. லண்டன், பாரிஸ், ஏதென்ஸ் மூன்றும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரே நொடியில் கடிகாரத்தை மாற்றுது, அதனால் வித்தியாசம் மாறாது. இஸ்தான்புல் 2016 முதல் மாற்றுவதே இல்லை: லண்டனோடு குளிர்காலத்தில் 3 மணி, கோடையில் 2.