ராயல் ஓக்கா, ஓவர்சீஸா? ஒன்றுதான் வாங்க முடியும்

மெலிந்தகை:
வணக்கம் நண்பர்களே. பல வருஷமாகச் சேர்த்த காசில் ஒரே ஒரு நல்ல வாட்ச் வாங்கிவிட்டு, அதோடு இந்தப் பைத்தியத்தை மூட்டை கட்டிவிடலாம் என்று இருக்கிறேன் (சிரிக்க வேண்டாம்). தேடித் தேடிக் கடைசியில் ஓதெமார் பிகே கம்பெனியின் ராயல் ஓக் 41 மி.மீ., வஷ்ரோன் கான்ஸ்டன்டின் கம்பெனியின் ஓவர்சீஸ் 4500வி, இந்த இரண்டில் வந்து நிற்கிறேன். இரண்டுமே ஸ்டீல், நீல டயல். தினமும் கட்டுவேன், வாரக் கடைசியில் நீச்சல் உண்டு, மணிக்கட்டு ஆறரை அங்குலம்தான். மனசு ராயல் ஓக் என்கிறது, மூளை ஓவர்சீஸ் என்கிறது. எதை எடுப்பது?

எண்கோணம்:
மனசு சொல்வதைக் கேளுங்கள். 1972-ல் ஜெரால்ட் ஜென்டா வரைந்த அந்த உருவத்துக்கு இன்றுவரை ஈடு இல்லை. கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கோடு கோடாக இழைத்த மேற்பரப்பும் கண்ணாடி மாதிரி மின்னும் ஓரமும் சந்திக்கிற இடம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். டயலைச் சுற்றிய எண்கோண வளையத்தில் உள்ள எட்டுத் திருகுகளின் பள்ளங்களும் வட்டத்தின் போக்கிலேயே வரிசையாக நிற்பதைக் கவனித்தீர்களா? அறுகோணத் தலை அதே வடிவக் குழியில் உட்கார்ந்திருப்பதால் அது திரும்பவே திரும்பாது, இறுக்குவதெல்லாம் பின்பக்கத்திலிருந்து. இதையெல்லாம் பார்த்த பிறகு மூளைக்கு என்ன வேலை?

உப்புநீர்:
மூளைக்கு வேலை இருக்கிறது சார், அவர் நீந்துகிறார். தண்ணீர் தாங்கும் அளவு ராயல் ஓக்குக்கு 50 மீட்டர், ஓவர்சீஸுக்கு 150 மீட்டர். 50 மீட்டர் என்று போட்டிருந்தால் நீந்தலாம்தான், ஆனால் வாராவாரம் நீச்சல் குளத்தில் இறங்குகிறவருக்கு 150 கொடுக்கிற நிம்மதி வேறு. அப்புறம் ஓவர்சீஸோடு ஸ்டீல் செயின், தோல் பட்டை, ரப்பர் பட்டை மூன்றும் வரும், கருவி எதுவும் இல்லாமல் விரலாலேயே மாற்றிக்கொள்ளலாம். குளத்துக்கு ரப்பர், கல்யாணத்துக்குத் தோல், மற்ற நாளுக்குச் செயின். ஒரே வாட்ச் என்று முடிவு செய்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கழற்றி வைத்த பிறகு ஓட்டம் நிற்காமல் இருக்கிற நேரத்தில் மட்டும் ராயல் ஓக் கொஞ்சம் முன்னே, 70 மணி நேரம், ஓவர்சீஸ் 60. தினமும் கட்டுகிறவருக்கு அது ஒரு கணக்கே இல்லை.

எண்கோணம்:
ஓவர்சீஸ் நல்ல வாட்ச்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் மூதாதையான வஷ்ரோனின் 222 என்ற பழைய மாடலையும் ஜென்டாதானே வரைந்தார், அப்புறம் நகலை ஏன் வாங்க வேண்டும்?

பழையஇயந்திரம்:
இந்தத் தப்பு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 1977-ல் வந்த 222-ஐ வரைந்தவர் யோர்க் ஹைசெக், ஜென்டா இல்லை. வஷ்ரோன் தொடங்கிய 1755-லிருந்து 222 வருஷம், அதனால் அந்தப் பெயர். இன்னொன்று தெரியுமா, அந்தக் காலத்து ராயல் ஓக், 222 இரண்டுக்குள்ளும் ஓடியது ஜேகர்-லெகூல்தர் என்ற இன்னொரு கம்பெனியின் 920-ஐ அடிப்படையாக வைத்த மெல்லிய இயந்திரம்தான். இன்றைக்கு இரண்டு கம்பெனியும் சொந்த இயந்திரம் போடுகின்றன. ஓவர்சீஸின் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தெரியும் தங்க ரோட்டரும் (கை அசைவில் சுழன்று வாட்சுக்குச் சாவி கொடுக்கும் பாகம்) ஜெனீவா முத்திரையும் (வேலைப்பாட்டின் தரத்துக்கான சான்று) எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மெலிந்தகை:
நன்றி, நன்றி. கீறல் விஷயத்தில் எது மோசம்? ஆறரை அங்குலக் கைக்கு 41 பெரிதாகத் தெரியுமா?

பழையஇயந்திரம்:
கீறல் இரண்டிலும் விழும், முதலில் கொக்கியில், பிறகு செயினில். ஆனால் ராயல் ஓக்கில் அந்தக் கூர்மையான ஓரங்கள்தான் அழகே. தெரியாத கடையில் பாலிஷ் போடக் கொடுத்தால் ஓரம் மழுங்கிப் போகும், உலோகம் போனது போனதுதான். கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பும்போதும் பாலிஷ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அளவைப் பொறுத்தவரை, ராயல் ஓக்கில் செயினின் முதல் கண்ணி பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் மெலிந்த கையில் 41-ஐவிடப் பெரிதாகத் தோன்றும். ஓவர்சீஸ் தடிமனில் ஒரு துளி அதிகம், சுமார் 11 மி.மீ., ஆனால் தோல் பட்டையில் கட்டினால் கையோடு அடங்கிவிடும். என் ஓட்டு ஓவர்சீஸுக்கு. பின்னாளில் விற்கிற எண்ணம் இருந்தால் மட்டும் ராயல் ஓக், பழைய வாட்ச் சந்தையில் அதற்கு ஆள் அதிகம்.