வீட்டிலேயே ஹூடி தைத்தவர்களின் அனுபவங்கள்: துணியின் இழுவையும் தொப்பியின் அளவும்

குன்னூரிலிருந்து:

கடையில் வாங்கிய ஹூடிகளில், அதாவது தொப்பி இணைந்த பின்னல் சட்டைகளில், எனக்கிருந்த குறை ஒன்றுதான். தொப்பியைத் தலையில் போட்டவுடன் அது பின்னால் சரிந்து, முன்கழுத்தை அழுத்தும். உயரம் போதாமல் வெட்டப்பட்ட தொப்பி அப்படித்தான் இருக்கும். குளிர்காலம் முழுவதும் தலையை மூடிக்கொண்டே வெளிவேலை செய்கிற எனக்கு அது சிறிய தொல்லையாகத் தோன்றவில்லை. ஆகவே என் தலைக்கு அளவெடுத்து நானே தைத்துக்கொண்டேன்.

தொண்டைக் குழியிலிருந்து உச்சந்தலை வழியாக மீண்டும் தொண்டைக் குழிக்கே டேப்பைத் தளர்வாகச் சுற்றி, வந்த அளவில் பாதியுடன் ஒன்றரை அங்குலம் கூட்டியதுதான் தொப்பியின் முன்விளிம்பு உயரம். இரண்டே துண்டுகளால் தைத்தால் உச்சியில் கூம்பு எழும்பும் என்பதால், நெற்றியிலிருந்து பிடரி வரை மூன்றரை அங்குல அகலப் பட்டை ஒன்றை நடுவில் கொடுத்தேன். தலை அதில் வட்டமாக உட்காருகிறது. உள்பக்கத்துக்கும் அதே கனத்த துணியை வைக்காமல், பனியன் துணி போன்ற மெல்லிய சிங்கிள் ஜெர்சியை வைத்ததுதான் இந்த ஹூடியில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இரண்டு அடுக்கும் கனமாக இருந்தால், அளவு சரியாக இருந்தாலும் எடையே தொப்பியைப் பின்னால் இழுத்துவிடும்.

துணி திருப்பூரிலிருந்து வந்தது. அங்கே பின்னல் துணியைக் கிலோவில் எடை போட்டு விற்பார்கள். மீட்டர் கணக்கில் பழகியவர்களுக்கு ஜிஎஸ்எம் என்னும் எண் தெரிந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 300 கிராம் என்றால், ஒரு கிலோவில் 3.3 சதுர மீட்டர் கிடைக்கும், 1.8 மீட்டர் அகலத் துணியில் அது ஏறத்தாழ 1.85 மீட்டர் நீளம். பெரியவர் ஒருவருக்கு அது தாராளமாகப் போதும். மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் வேண்டிய ரிப் துணியை (இழுத்தால் விரிந்து மீளும் வரிப்பின்னல் துணி) அதே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதியில், கேட்டு வாங்குங்கள். வேறு லாட்டில் வாங்கினால், பெயரளவில் ஒரே நிறமானாலும் வெயிலில் வேறுபாடு தெரியும்.

திருப்பூரிலிருந்து:

குன்னூர் சகோதரியின் தொப்பி அளவு முறை சரியானது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உருளையில் இறுக்கமாகச் சுற்றப்பட்ட பின்னல் துணி நீளவாக்கில் இழுபட்டே இருக்கும்; அதை விரித்து ஒரு நாள் முழுவதும் தளரவிட்ட பிறகே கம்பெனிகளில் வெட்டுவோம். வீட்டில் அதோடு துவைத்தும் பார்க்க வேண்டும். துணியின் மூலையில் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, துவைத்து, உலர்த்தி அளந்து பாருங்கள். நீளத்தில் 47 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் ஆறு விழுக்காடு சுருங்கியிருக்கிறது. துவைக்காமல் வெட்டித் தைத்திருந்தால் அந்தச் சுருக்கம் கைநீளத்திலும் உடல்நீளத்திலும் பிறகு தெரிந்திருக்கும்.

இந்தச் சிக்கல் பழையது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் தொடங்கிய சாம்பியன் நிறுவனம், குளிரில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்காக 1930களில் ஸ்வெட்ஷர்ட்டோடு தொப்பியை இணைத்துத் தந்ததாகச் சொல்வார்கள். அதே நிறுவனம் நீளவாக்குச் சுருக்கத்தைத் தவிர்க்கத் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டியது. அதுதான் ரிவர்ஸ் வீவ். அப்படித் திருப்பினால் துணியின் பெரிய இழுவை உடலைச் சுற்றி வராமல் மேலும் கீழுமாகப் போய்விடும் என்பதால், அந்தச் சட்டைகளின் விலாப் பக்கங்களில் ரிப் பட்டைகள் இருக்கும். வீட்டில் தைப்பவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டியதில்லை. முதலில் துவைத்துவிட்டு வெட்டினாலே போதும்.

மதுரையிலிருந்து:

என்னிடம் இருப்பது நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய கால் மிஷின். துணி விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லாமல் ஹூடி தைக்க முடியாது என்று பலர் சொன்னார்கள். பெங்களூரில் படிக்கும் மகனுக்கு இந்த மிஷினிலேயே தைத்துக் கொடுத்தேன், விடுதியில் பலமுறை துவைத்த பிறகும் ஒரு தையலும் விடவில்லை.

காரணங்களில் முதன்மையானது ஊசி. கூர்முனை ஊசி பின்னல் துணியின் இழையைக் குத்தி அறுக்கும். அந்தப் புள்ளி பிறகு ஓட்டையாக விரியும். உருண்டை முனை கொண்ட பால்பாயிண்ட் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு இறங்குவதால் அந்தச் சேதம் நேராது. நூல் பாலியெஸ்டராகவே இருக்க வேண்டும், ஏனெனில் பருத்தி நூல் இழுத்தவுடன் அறுந்துவிடும். தையலைச் சிறிதாக வைத்து, துணியை முன்னும் பின்னும் மெல்லப் பிடித்து இழுத்தபடி ஓட்டினேன். பிறகு கால் அங்குலம் தள்ளி இரண்டாவது வரி. தோள்பட்டையை மட்டும் இழுக்கவே கூடாது. தொப்பியின் எடை முழுவதையும் அந்த இரண்டு தையல்கள்தாம் சுமக்கின்றன. அங்கே பருத்தி நாடா ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் தோள் தொங்காது.

ரிப் பட்டையை உடலின் அளவுக்கே வெட்டினால் அடிவிளிம்பு மணிபோல் விரிந்து நிற்கும். இடுப்புக்குச் சுற்றளவில் நூற்றுக்கு எண்பத்தைந்து, மணிக்கட்டுக்கு எண்பது என்ற கணக்கில் வெட்டினேன். பட்டையையும் உடலையும் தனித்தனியே நான்காக மடித்துக் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, ரிப்பை மட்டும் இழுத்துத் தைத்தால் சுருக்கம் எல்லாப் பக்கமும் சமமாக விழும்.

நியூ ஜெர்சியிலிருந்து:

மதுரை அக்கா சொன்ன நாடா முறையை என் மகளின் ஹூடியில் செய்தேன், தோள் உறுதியாக நிற்கிறது. குழந்தைகளுக்குத் தைப்பவர்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: தொப்பியில் இழுகயிறு வைக்காதீர்கள். சறுக்குமரத்திலும் வாகனக் கதவிலும் கயிறு சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஏறத்தாழ பன்னிரண்டு வயது வரையிலான அளவுகளில் கழுத்துப் பகுதிக் கயிறு அறவே இருக்கக் கூடாது என்பது அதன் நிலை. கடைச் சட்டைக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை வீட்டில் தைக்கும் தாய் தளர்த்திக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

கயிறு இல்லாமலும் தொப்பி முகத்தோடு ஒட்டி நிற்கும். முன்கழுத்தில் தொப்பியின் இரண்டு ஓரங்களையும் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்துத் தைத்தேன். முன்விளிம்பில் ஓர் அங்குல ரிப் பட்டையைச் சற்று இழுத்துப் பிணைத்தேன். ஆனால் கழுத்துச் சுற்று குழந்தையின் தலை எளிதில் நுழையும் அளவுக்கு இழுபடுகிறதா என்பதை, தொப்பியை இணைப்பதற்கு முன்பே உடல் பகுதியை மட்டும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.