ஸ்பாம்ஹாஸ் ஜென் போட்டதும் ஜிமெயில்கூட திரும்புது: எங்கே தப்பு?

ஐந்துரோடு_அட்மின்

வணக்கம்ங்க. சர்வர் சேலத்தில், உபுண்டு 22.04, மெயில் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் 3.6. மொத்தம் 40 கணக்கு. அதில் 6 பேர் ஏற்காடு எஸ்டேட் ஆபீஸில் சாதாரண பிராட்பேண்டில் இருந்து 587 (கணக்குக்காரர்கள் லாகின் செய்து அனுப்பும் போர்ட்) வழியாக அனுப்புறவங்க. ஸ்பேம் தாங்க முடியாமல் மெயின்.சிஎஃப் கோப்பில் கிளையன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன் வரிசையின் முதல் வரியாக ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட் ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க் சேர்த்தாச்சு (ஸ்பாம்ஹாஸின் ஸ்பேம் ஐபி பட்டியலான ஜென்னில் இருப்பவரைத் தள்ளும் வரி; இப்படிப்பட்ட பட்டியல்தான் ஆர்பிஎல்). அதிலிருந்து உள்ளே வருகிற எல்லா மெயிலுக்கும் 554 (மறுப்பு). ஜிமெயில் உட்பட. லாகில் "எரர்: ஓப்பன் ரிசால்வர்" என்று இருக்கு. ஏற்காட்டுக்காரர்களாலும் அனுப்ப முடியவில்லை. டிஎன்எஸ் 8.8.8.8. லிஸ்ட்டை மாற்றிவிடலாமா?

அஸ்தம்பட்டி25

லிஸ்ட் மேல் குற்றம் இல்லைங்க. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. ஒன்றைச் சரி செய்தாலும் மற்றது அப்படியே நிற்கும்.

முதலாவது. 8.8.8.8, 1.1.1.1 மாதிரி பொது ரிசால்வர் (டிஎன்எஸ் பதிலைத் தேடித்தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் உண்மையான பதில் தராது, 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறியீட்டைத் திருப்பும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது பிழை என்று தெரியாது. ஏதோ ஒரு முகவரி பதிலாக வந்தாலே "லிஸ்டில் இருக்கு" என்று எடுத்துக்கொண்டு எல்லாரையும் தள்ளிவிடும். அதனால் வரியை இப்படி எழுதுங்க: ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க்=127.0.0.[2..11]. இதற்கு வெளியே என்ன வந்தாலும் கண்டுகொள்ளாது. ஆனால் இது காயத்துக்குக் கட்டு மட்டும்தான். மெயில் நிற்காது, ஸ்பேமும் நிற்காது.

மருந்து சொந்த ரிசால்வர். அன்பவுண்ட் நிறுவுங்க. அதில் ஃபார்வர்ட் ஸோன் (கேள்வியை வேறு ரிசால்வருக்குத் தள்ளிவிடும் அமைப்பு) எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் மறுபடி அதே 8.8.8.8தான். உபுண்டுவோடு வரும் சிஸ்டம்டி ரிசால்வ்டை நிறுத்திவிட்டு ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.1 மட்டும் வையுங்க. பலர் இங்கேதான் கோட்டை விடுவாங்க: போஸ்ட்ஃபிக்ஸ் குரூட்டுக்குள் (தனியாக அடைத்த டைரக்டரிக்குள்) ஓடினால் ஸ்பூல் டைரக்டரிக்குள் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் இருக்கும். ரீலோட் செய்தால் அது புதுசாகாது, ரீஸ்டார்ட் வேணும்.

சோதிக்க: டிக் கட்டளையில் 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று மூன்றும் வரணும். 1.0.0.127 போட்டுக் கேட்டால் பதிலே வரக் கூடாது.

இரண்டாவது ஏற்காடு. வீட்டு பிராட்பேண்ட் ஐபி வரம்புகள் பெரும்பாலும் ஜென்னின் பிபிஎல் பகுதியில் இருக்கும் (பதில் 127.0.0.10 அல்லது 11). அது குற்றப் பட்டியல் இல்லை. "இங்கிருந்து நேரடியாக 25ஆம் போர்ட்டில் (சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் வழி) மெயில் வரக் கூடாது" என்ற அறிவிப்பு, அவ்வளவே. உங்கள் வரி 587க்கும் சேர்த்துப் பொருந்துவதால் சொந்த ஆட்களே மாட்டுறாங்க. பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ், பெர்மிட்_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட் (சொந்த நெட்வொர்க்குக்கும் லாகின் செய்தவர்களுக்கும் அனுமதி) இரண்டையும் முதலில் போட்டு, அதுக்குக் கீழே ஆர்பிஎல் வரி.

செவ்வாப்பேட்டை_லாக்

மேலே சொன்னது சரி. ஒரு சேர்க்கை: அன்பவுண்ட் போட்ட பிறகும் 127.255.255.254 வந்தால் உங்கள் ஸ்டாட்டிக் ஐபியின் ரிவர்ஸ் பெயரை (பிடிஆர், ஐபியை வைத்துக் கேட்டால் வரும் பெயர்) பாருங்க. இணைய நிறுவனம் வைத்த பொதுப்படையான பெயர் இருந்தாலும் ஸ்பாம்ஹாஸ் அதே பதிலைத்தான் தரும். சொந்த டொமைனில் பிடிஆர் வாங்குங்க, மெயில் அனுப்பவும் அது எப்படியும் தேவை. அல்லது ஸ்பாம்ஹாஸிடமே பதிவு செய்து டிக்யூஎஸ் (பதிவு செய்தவர்களுக்கான கேள்விச் சேவை) சாவி வாங்கலாம். சாவி ஸோன் பெயரிலேயே வருவதால், திருப்பி அனுப்பும் செய்தியில் அது வெளியே போய்விடும். ஆர்பிஎல்_ரிப்ளை_மேப்ஸ் வைத்து மறைத்துவிடுங்க.

இன்னொன்று, 40 கணக்குக்கு ஒரே லிஸ்ட்டை நம்பி வெட்டுவதைவிட போஸ்ட்ஃபிக்ஸின் முன்வாசல் காவலான போஸ்ட்ஸ்கிரீன் மேல். 25ஆம் போர்ட்டில் மட்டும் உட்காரும், 587ஐத் தொடாது. மதிப்பெண் இப்படி: ஜென் 3, மற்ற லிஸ்ட்களில் பாராகுடா 2, ஸ்பாம்காப் 1, திரெஷோல்ட் (தள்ளும் எல்லை) 3. ஜென் தனியாகவே தள்ளும். மற்ற இரண்டும் சேர்ந்தால்தான் தள்ளும். பாராகுடாவுக்கு முன்பதிவு வேணும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். டிஎன்எஸ்பிஎல்_ஆக்‌ஷன் இயல்பாக இக்னோர் (தள்ளாது, லாகில் மட்டும் எழுதும்). ஒரு வாரம் அப்படியே விட்டு லாகில் "டிஎன்எஸ்பிஎல் ரேங்க்" வரிகளைப் படியுங்க. உங்கள் வாடிக்கையாளர் யாரும் சிக்கவில்லை என்றால் என்ஃபோர்ஸ் (தள்ளும்). பைப்லைனிங், பேர் நியூலைன் சோதனைகளைத் திறக்காதீங்க. அவை முதல் முறை 450 (பிறகு வா) சொல்லித் திருப்பும், பெரிய நிறுவனங்கள் மறுமுறை வேறு ஐபியில் இருந்து வரும், மெயில் மணிக்கணக்கில் தாமதமாகும்.

பழைய வலைப்பக்கங்களில் இருந்து வரிகளை நகலெடுக்கும்போது சார்ப்ஸ் என்ற லிஸ்ட் இருந்தால் எடுத்துவிடுங்க. அது 2024 ஜூனிலேயே மூடியாச்சு.

சேர்வராயன்

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் இணைக்கும் ஐபியைத்தான் பார்க்கும். வெள்ளிக் கொலுசு ஆர்டர், ஜவ்வரிசி கொட்டேஷன் என்று ஹேக் ஆன ஜிமெயில், அவுட்லுக் கணக்குகளில் இருந்து வரும் தூண்டிலை எந்த ஆர்பிஎல்லும் பிடிக்காது, கூகுள் ஐபியை யார் தடுப்பாங்க? அதுக்கு உள்ளடக்கத்தில் இருக்கும் இணைப்பை ஸ்பாம்ஹாஸின் டிபிஎல் போன்ற டொமைன் லிஸ்ட்டில் பார்க்கணும். ஆர்எஸ்பாம்டியோ ஸ்பேம் அசாசினோ (ஸ்பேம் வடிகட்டும் மென்பொருள்கள்) அந்த வேலையைச் செய்யும். டிபிஎல்லிடம் ஐபியைக் கேட்காதீங்க, 127.0.1.255 என்ற பிழைதான் வரும்.

மெயில் வேறு சர்வர் வழியாக ஃபார்வர்ட் ஆகி வந்தால் ஸ்பேம் அசாசினில் டிரஸ்டட், இன்டர்னல் நெட்வொர்க்ஸில் அந்த சர்வரைச் சேர்க்கணும். இல்லாவிட்டால் ஸ்பேமரை விட்டுவிட்டு இடையில் நிற்பவரைச் சோதித்துக்கொண்டிருக்கும்.

ஐந்துரோடு_அட்மின்

அன்பவுண்ட் போட்டு, ரீஸ்டார்ட் செய்ததும் மூன்று பதிலும் வருதுங்க. வரிசை மாற்றியதும் ஏற்காடும் சரி. போஸ்ட்ஸ்கிரீன் இன்று இரவு. கடைசியாக ஒன்று: வெளிநாட்டு வாங்குபவர் ஒருவரின் ஷேர்டு ஹோஸ்டிங் ஐபி ஸ்பாம்காப்பில் இருக்கு. ஒயிட்லிஸ்ட் எங்கே?

அஸ்தம்பட்டி25

ஸ்பாம்காப் 1 மதிப்பெண்தானே, தனியாக அது தள்ளாது, இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஜென்னிலோ பாராகுடாவிலோ வந்தால் மட்டும் போஸ்ட்ஸ்கிரீன்_ஆக்சஸ்_லிஸ்டில் பெர்மிட்_மைநெட்வொர்க்ஸுக்குப் பிறகு ஒரு சிஐடிஆர் (ஐபி வரம்புப் பட்டியல்) கோப்பு சேர்த்து, அந்த ஐபிக்கு நேராக பெர்மிட். டொமைன் பெயரை வைத்து அங்கே அனுமதிக்க முடியாது. ஷேர்டு ஐபி என்பதால் பக்கத்து வீட்டு ஸ்பேமும் அதே கதவில் உள்ளே வரும், அவர் ஹோஸ்டிங் மாறியதும் அந்த வரியை எடுத்துவிடுங்க.